எரிவதைப் பிடுங்கினால்

1972இல் அமெரிக்க மருத்துவர் ரூப்லரும் அவருடைய சகாக்களும் நான்கு பேரின் பிரேதப் பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நால்வருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அது சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தது. உயிரோடு இருந்தபோது நால்வருக்கும் இதயச் செயலிழப்பு. இப்படிப்பட்ட இதயத்தை அறுத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதில் அன்றைய மருத்துவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் கொழுப்பால் அடைபட்டிருக்கும். ரத்தம் போகாமல் தசையின் ஒரு பகுதி செத்து வடுவாகியிருக்கும். இந்த நான்கு இதயங்களில் அப்படிப்பட்ட அடைப்பைக் காணோம். வால்வுகளில் பழுதில்லை. உயர் ரத்த அழுத்தத்தையோ குடியையோ காரணம் காட்டவும் வழியில்லை. ஆனாலும் இதயம் பெருத்திருந்தது. தசை இழைகளுக்கு நடுவே நார்த்திசு படர்ந்திருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் ஊரிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. 1948 முதல் அந்த ஊர் மக்களின் உடல்நலத்தை விடாமல் கவனித்துவந்த ஆய்வுக் குழு, சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. பெண்களுக்கு அது ஐந்து மடங்கு. வயது, ரத்த அழுத்தம், எடை, கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

ஆக, சர்க்கரை நோய் இதயத்தை இரண்டு வழிகளில் தாக்குகிறது. ரத்தக் குழாயை அடைப்பது ஒன்று. அது நமக்குப் பழகிய கதை. குழாய் திறந்திருக்கும்போதே தசையை உள்ளிருந்து கெடுப்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே வேதியியல் வினை பெரும்பங்கு வகிக்கிறது என்று அடுத்த முப்பது ஆண்டுகளில் தெரியவந்தது. அதன் பெயர் ஆக்ஸிஜனேற்றச் சேதம். அந்தச் சேதத்தை எப்படித் தடுப்பது என்பதில் மருத்துவ உலகம் ஒரு பெரிய நம்பிக்கையை வளர்த்து, அதை இழந்து, பிறகு வேறொரு வாசல் வழியாக விடையை நெருங்கியது. அந்தப் பாதையைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு மருந்துப் பெட்டியில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பதும் தெளிவாகும்.

ஓய்வில்லாத தசை

மனித இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இந்த உழைப்புக்கு வேண்டிய ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இதயத் தசையில் எந்த நேரத்திலும் சில நொடிகளுக்குப் போதுமான அளவே இருக்கும். செலவாகச் செலவாக உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் இதயம் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபியை மொத்தமாகக் கூட்டினால் 6 கிலோ அளவுக்கு வரும். இதயத்தின் எடையோ ஏறத்தாழ 300 கிராம்தான்.

இதைச் செய்து முடிப்பவை மைட்டோகாண்ட்ரியாக்கள். இதயத் தசைச் செல்லின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கை அவையே அடைத்துக்கொண்டிருக்கின்றன. கொழுப்பு அமிலம், குளுக்கோஸ், லாக்டேட் என எது கிடைத்தாலும் எரித்து ஏடிபி ஆக்குவது அவற்றின் வேலை. நல்ல உடல்நிலையில் இதயம் பெருமளவு கொழுப்பு அமிலத்தையே எரிக்கிறது. ஆனால் சாப்பிட்டவுடன் இன்சுலின் உயர்ந்தால் குளுக்கோஸுக்கு மாறிக்கொள்ளும். ஓடும்போது லாக்டேட்டையும் எடுத்துக்கொள்ளும். வேளைக்கு ஏற்றபடி எரிபொருளை மாற்றிக்கொள்ளும் இந்த நெகிழ்வுதான் இதயத்தின் பலம்.

இந்தச் செல்கள் கெட்டுப்போனால் மாற்றுச் செல்கள் வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2009இல் இதை ஒரு வியப்பான வழியில் அளந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று உயர்ந்து, வெளியில் குண்டு வெடிப்பதற்குத் தடை வந்தபின் மெல்லக் குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அந்த ஆண்டுக்குரிய கார்பன்-14 பதிந்துவிடும். இறந்தவர்களின் இதயத் தசைச் செல்களில் இதை அளந்தால், அந்தச் செல் எந்த ஆண்டில் உண்டானது என்று சொல்லிவிடலாம். கிடைத்த விடை: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத இதயத் தசைச் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. நம்மோடு பிறந்த இதயச் செல்களில் பெரும்பகுதி நம்மோடுதான் கடைசிவரை வருகின்றன. அவற்றுக்கு நேரும் சேதம் அப்படியே தங்கி, ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும்.

கசியும் எலக்ட்ரான்

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் புரதக் கூட்டமைப்புகள் வரிசையாக நிற்கின்றன. உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிச் செல்கின்றன. கடைசியில் ஆக்ஸிஜன் அவற்றை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. வழியில் வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன; அவை திரும்பி உள்ளே பாயும் வேகத்தில் ஏடிபி தயாராகிறது.

இந்தக் கைமாற்றத்தில் எப்போதும் ஒரு சிறு கசிவு இருக்கும். கடைசிப் புரதத்தை எட்டுவதற்கு முன்பே ஒரு எலக்ட்ரான் நழுவி, அருகிலிருக்கும் ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொண்டால் அது சூப்பர் ஆக்ஸைடு ஆகிவிடும். இணையில்லாத எலக்ட்ரானோடு அலையும் இத்தகைய மூலக்கூறுகளைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். இவை புரதம், கொழுப்பு, டிஎன்ஏ என்று பக்கத்தில் கிடைத்ததைத் தாக்கும்.

1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியைக் கண்டறிந்தார்கள். சூப்பர் ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுவது அதன் தொழில். பிறகு கேட்டலேஸ், குளுட்டதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற நொதிகள் அந்தப் பெராக்ஸைடையும் தண்ணீராக்கிவிடும். ஆக்ஸிஜனைச் சுவாசித்து வாழும் உடல் தனக்குத் தானே அமைத்துக்கொண்ட காவல் இது.

இந்தக் காவல் இதயத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டிஸ்மியூட்டேஸ் நொதிக்கான மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் உயிரோடு பிறந்தன. ஆனால் பத்து நாட்களுக்குள் இதயம் விரிவடைந்து செத்துப்போயின. பின்னாளில் இதற்கு எதிர்த்திசையிலும் சோதித்தார்கள். சர்க்கரை நோயுள்ள எலிகளின் இதயத்தில் அதே நொதியை இயல்பைவிடக் கூடுதலாகச் சுரக்க வைத்தபோது, அவற்றின் இதயத் தசை கெடாமல் தப்பியது. மனித இதயத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு குறையும் உண்டு. ஓயாமல் ஆக்ஸிஜனை எரிக்கும் உறுப்பாக இருந்தும், கல்லீரலோடு ஒப்பிட்டால் இதயத்தில் கேட்டலேஸ் மிகக் குறைவு.

எரிபொருள் மிகும்போது

சர்க்கரை நோயில் ரத்தத்தில் குளுக்கோஸ் மட்டும் கூடுவதில்லை. இன்சுலினின் சொல் எடுபடாதபோது கொழுப்புத் திசு தன் கையிருப்பை அவிழ்த்து விடுகிறது. கொழுப்பு அமிலங்களும் ரத்தத்தில் பெருகுகின்றன. இதயம் கொழுப்பையே முழுவதும் நம்பத் தொடங்கி, வேளைக்கேற்ப மாறும் நெகிழ்வை இழக்கிறது. கொழுப்பிலிருந்து ஓர் ஏடிபி எடுக்க, குளுக்கோஸிலிருந்து எடுப்பதைவிட அதிக ஆக்ஸிஜன் தேவை. ஆகவே சர்க்கரை நோயாளியின் இதயம் அதே வேலையைச் செய்யக் கூடுதல் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. எரிக்க முடியாத கொழுப்பு தசைச் செல்லுக்குள்ளேயே தேங்கவும் செய்கிறது.

ரத்தக் குழாயின் உட்சுவரில் நடப்பதை விளக்கியவர் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன்லீ. அவரே முதல் வகைச் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர். உயர் குளுக்கோஸ் உடலின் எல்லாச் செல்களையும் கெடுப்பதில்லையே, ரத்தக் குழாய், விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றை மட்டும் ஏன் தேடிப் பிடிக்கிறது என்று அவர் கேட்டார். பெரும்பாலான செல்கள் வெளியே குளுக்கோஸ் கூடினால் உள்ளே விடும் அளவைக் குறைத்துக்கொள்ளும். குழாய்களின் உட்சுவர்ச் செல்லுக்கு அந்தத் திறமை இல்லை. வெளியே எவ்வளவு ஏறுகிறதோ உள்ளேயும் அவ்வளவு ஏறும்.

அடுப்பு கொள்ளாத அளவுக்கு விறகைத் திணித்தால் புகைதான் மண்டும். செல்லுக்குள்ளும் அதுவே நடக்கிறது. எலக்ட்ரான்கள் அளவுக்கு மீறி வந்து குவிகின்றன. சவ்வின் மின்னழுத்தம் உச்சத்தை எட்டி, வரிசையின் நடுவில் எலக்ட்ரான் போக்குவரத்து தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கசிவு பெருகுகிறது. சூப்பர் ஆக்ஸைடு பொங்குகிறது.

பிரவுன்லீயின் குழு 2000இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை இதை அருமையாகக் காட்டியது. பசுவின் பெருந்தமனி உட்சுவர்ச் செல்களை உயர் குளுக்கோஸில் வளர்த்தபோது, சேதம் விளைவிக்கும் பல வேதிப் பாதைகள் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர் ஆக்ஸைடு உண்டாவதைத் தடுத்தவுடன் அவை எல்லாமே அடங்கின. வெளியே குளுக்கோஸ் அதே உயரத்தில்தான் இருந்தது. தனித்தனி நோய்ப் பாதைகள் என்று எண்ணியிருந்தவற்றுக்கு ஒரு பொதுத் தொடக்கம் இருந்தது.

இந்தத் தொடக்கத்திலிருந்து இதயத்துக்கு மூன்று கெடுதல்கள் கிளைக்கின்றன. முதலாவது, குழாய்களைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைச் சூப்பர் ஆக்ஸைடு விழுங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட் என்ற, இன்னும் கொடிய பொருள் உண்டாகிறது. விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரிவதில்லை. அதன் உட்சுவர் ரணப்பட்டுக் கொழுப்பு படிய இடம் கொடுக்கிறது. இரண்டாவது, சர்க்கரை புரதங்களில் ஒட்டி, நாளடைவில் இறுகிய கூட்டுப் பொருட்களாக மாறுகிறது. நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஹெச்பிஏ1சி, ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணு 120 நாளில் அழிந்து புதிதாகிவிடும். இதயத் தசைகளுக்கு இடையே உள்ள கொலாஜன் புரதமோ பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். அதில் சர்க்கரை ஒட்டி, இழைகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் இதயச் சுவர் விறைத்துப்போகும். சர்க்கரை நோய் இதயத்தில் பெரும்பாலும் முதலில் கெடுவது சுருங்கும் சக்தி இல்லை. தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் சக்திதான். மூன்றாவது, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன், செல் சவ்வில் இருக்கும் வேறொரு நொதியை முடுக்கி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியிலும் சூப்பர் ஆக்ஸைடை உண்டாக்குகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், இரு பக்கமிருந்தும் புகை எழுகிறது.

கைகொடுக்காத வைட்டமின்

நோய்க்குக் காரணம் ஆக்ஸிஜனேற்றம் என்றால், மருந்து ஆன்டிஆக்ஸிடன்ட்தானே? 1956இல் டென்ஹாம் ஹார்மன் முதுமைக்கே ஃப்ரீ ராடிக்கல்கள்தான் காரணம் என்ற கருத்தை முன்வைத்த நாளிலிருந்து இந்த எண்ணம் வலுத்துவந்தது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மூன்றும் சோதனைக் குழாயில் ஃப்ரீ ராடிக்கல்களை நன்றாகவே அடக்குகின்றன. பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இதய நோய் குறைவு என்பதும் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த யாரும் மாத்திரையை நம்பியிருப்பார்கள்.

நம்பிக்கையைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகள் தொடங்கின. கேரளத்தில் பிறந்து கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சலீம் யூசுஃபின் தலைமையில் நடந்த ஹோப் ஆய்வு, இதய ஆபத்து மிகுந்த 9,500க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நாலரை ஆண்டுகள் கழித்து 2000இல் முடிவு வந்தது: மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இறப்பிலும் எந்த வித்தியாசமும் இல்லை. அதே நோயாளிகளில் பலரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தந்தது. வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு 13 சதவீதம் கூடியிருந்தது.

பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு 20,536 பேருக்கு நடந்தது. வைட்டமின் ஈ 600 மி.கி., சி 250 மி.கி., பீட்டா கரோட்டின் 20 மி.கி. மூன்றையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் கொடுத்தும் பலன் பூஜ்யம். அதற்கு முன்பே, 1994இல், பின்லாந்தின் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகரித்திருந்தது.

வெளியிலிருந்து கொடுப்பதற்குப் பதில், உடலின் சொந்தக் காவல் நொதிகளையே மருந்தால் முடுக்கிவிட்டால் என்ன? என்ஆர்எஃப்2 என்ற புரதம் அந்த நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது. அதைத் தூண்டும் பார்டாக்ஸலோன் என்ற மருந்தை, சர்க்கரை நோயும் முற்றிய சிறுநீரக நோயும் உள்ள 2,185 பேரிடம் சோதித்தார்கள். 2012 அக்டோபரில் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து எடுத்தவர்களில் 96 பேர் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். எடுக்காதவர்களில் 55 பேர்.

ஏன் இப்படி? வேதியியல் கணக்கிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. சூப்பர் ஆக்ஸைடும் நைட்ரிக் ஆக்ஸைடும் சந்தித்தவுடன் இணைந்துவிடுகின்றன. டிஸ்மியூட்டேஸ் நொதியே அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறும். விழுங்கிய வைட்டமின் அந்த இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேருவதற்குள் வினை முடிந்துவிடும். அதோடு, ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒன்றிரண்டு ராடிக்கல்களைத் தடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கசிவோ நொடிதோறும் நடக்கிறது.

இன்னொரு காரணம் நுட்பமானது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு சிறு அளவில் செல்லுக்குச் சேதி சொல்லும் தூதன். 2009இல் ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோவின் குழு, ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கத் தொடங்கியது. அவர்களின் காவல் நொதிகளும் கூடின. பயிற்சியோடு வைட்டமின் சி 1000 மி.கி.யும் ஈ 400 யூனிட்டும் தினமும் எடுத்தவர்களுக்கு அந்த இரண்டு நன்மையும் கிடைக்கவில்லை. ஓடும்போது எழும் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்களைக் கண்டுதான் உடல் தன் காவலைப் பலப்படுத்துகிறது. மாத்திரை அந்தச் சேதியையே அழித்துவிட்டது.

பழமும் கீரையும் செய்யும் நன்மையை இதனால் மறுத்துவிட முடியாது. அவற்றில் நார்ச்சத்து, பொட்டாசியம், நூற்றுக்கணக்கான தாவரப் பொருட்கள் எல்லாம் உண்டு. அவை தட்டில் இடம்பிடித்தால் வேறு ஏதோ ஒன்று குறைகிறது. அந்த முழு உணவின் பலனை ஒரு வைட்டமினைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்துத் தர முடியாது.

கொதிப்பது அடங்கும்

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஆக்ஸிஜனேற்றச் சேதத்துக்கு எதிராக வென்ற வைத்தியம் எல்லாம் இந்த வழியில்தான் வென்றது. உண்டான ராடிக்கல்களைத் துரத்தாமல், அவை உண்டாகும் காரணத்தைக் குறைத்தன.

முதல் காரணம் குளுக்கோஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வில், ஒரு குழு சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியது. மற்றது வழக்கமான சிகிச்சையில் இருந்தது. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் கறாரான சிகிச்சை கற்றுத்தரப்பட்டது. இரு குழுக்களின் ஹெச்பிஏ1சியும் விரைவில் ஒன்றாகிவிட்டது. ஆனால் 2005இல் கணக்கெடுத்தபோது, ஆரம்பத்தில் கறாராக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு ஆகியவை 57 சதவீதம் குறைவாக இருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் சராசரியாக ஆறரை ஆண்டு கட்டிக்காத்த கட்டுப்பாடு உடலில் பதிந்து கிடந்தது.

அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் அஸ்ஸாம் எல்-ஓஸ்டாவின் குழு 2008இல் தொட்டுக் காட்டியது. மனிதப் பெருந்தமனியின் உட்சுவர்ச் செல்களை வெறும் 16 மணி நேரம் உயர் குளுக்கோஸில் வைத்துவிட்டு, பிறகு இயல்பான குளுக்கோஸுக்கு மாற்றினார்கள். ஆறு நாட்கள் கடந்தும், அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின் மேல் வேதிக் குறிகள் அழியாமல் நின்றன. மரபணு இயங்கிக்கொண்டே இருந்தது. சூப்பர் ஆக்ஸைடு உண்டாவதை முதலிலேயே தடுத்தபோது அந்தக் குறிகள் விழவில்லை. ஒரு நாளுக்கும் குறைவான ஏற்றத்தைச் செல் ஒரு வாரம் வரை நினைவில் வைத்திருக்கிறது. நோய் தெரிந்த முதல் ஆண்டுகளில் காட்டும் அக்கறைக்கு ஏன் இவ்வளவு விலை என்பது இதில் புரிகிறது.

இதைப் படித்துவிட்டு, பல ஆண்டு நோய்க்குப் பின் ஒரேயடியாகச் சர்க்கரையை இறக்கிவிட வேண்டும் என்று யாரும் கிளம்பக் கூடாது. ஏற்கெனவே இதய ஆபத்து மிகுந்த 10,251 இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்த அக்கார்டு ஆய்வில், ஒரு குழுவின் ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுபோகும் கறாரான சிகிச்சையை 2008இல் நிறுத்தினார்கள். கறாரான குழுவில் இறப்பு 22 சதவீதம் அதிகம். முதியவருக்கும் இதய நோயாளிக்கும் குறி எது என்பதை மருத்துவரோடு பேசித்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ரத்த அழுத்தமும் ஆஞ்சியோடென்சினும். வைட்டமின் ஈ தோற்ற அதே ஹோப் ஆய்வின் மற்றொரு பாதியில், ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் ராமிப்ரில் மாத்திரை சர்க்கரை நோயாளிகளின் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பைச் சேர்த்து 25 சதவீதம் குறைத்தது. ஒரே ஆய்வு, ஒரே நோயாளிகள். ராடிக்கலைப் பிடிக்கப் போன மாத்திரை தோற்றது. ராடிக்கலை உண்டாக்கும் ஹார்மோனைத் தடுத்த மாத்திரை வென்றது. எனக்கு இந்த அத்தியாயத்தின் மையமே இந்த ஒப்பீடுதான்.

மூன்றாவது, ஆக்ஸிஜனேற்றம் பெற்றுக் குழாய்ச் சுவரில் படியும் எல்டிஎல் கொலஸ்ட்ரால். 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், இதய நோய் இன்னும் வராத 2,838 சர்க்கரை நோயாளிகளுக்குத் தினமும் 10 மி.கி. அடோர்வாஸ்டாடின், பெரிய இதய நிகழ்வுகளை 37 சதவீதம் குறைத்தது.

மூன்றையும் ஒன்றாகக் கையாண்டால் என்ன கிடைக்கும் என்பதை டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு காட்டுகிறது. 160 பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு. பாதிப் பேருக்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி, புகைப் பழக்கம் என்று எல்லா முனையிலும் எட்டு ஆண்டு அளவுக்குத் தீவிரக் கவனிப்பு. 21 ஆண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோது, அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்.

ஆப்பிள் மரப்பட்டை தந்த மருந்து

1835இல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து ஃப்ளோரிஸின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1886இல் ஜோசப் ஃபான் மேரிங், அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதைக் கண்டார். நம் சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்யும் புரதம் எஸ்ஜிஎல்டி2. ஃப்ளோரிஸின் அதைத் தடுத்தது. அந்த வழியில் உருவாக்கப்பட்ட எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இன்று சர்க்கரை நோயாளிகளின் சிறுநீர் வழியே தினமும் 60 முதல் 80 கிராம் குளுக்கோஸை வெளியேற்றுகின்றன. உபரி எரிபொருளை உடலை விட்டே அனுப்பிவிடும் மருந்து இது.

2015இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில் 7,020 நோயாளிகள் இருந்தார்கள். மருந்து இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று நிரூபிப்பதே ஆய்வின் முதல் நோக்கம். வந்த முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: இதய நோய் இறப்பு 38 சதவீதமும், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2019இல் டாபா-ஹெச்எஃப் ஆய்வு, சர்க்கரை நோயே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இந்த வகை மருந்து உதவுகிறது என்று காட்டியது. உப்பும் நீரும் வெளியேறி இதயத்தின் சுமை குறைவது, இதயம் கீட்டோன்களை எரிபொருளாக எடுத்துக்கொள்வது, தசைச் செல்லுக்குள் சோடியம் குறைந்து மைட்டோகாண்ட்ரியா சீராக இயங்குவது என்று ஆய்வாளர்கள் பல விளக்கங்களை முன்வைத்து விவாதிக்கிறார்கள்.

இந்த மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிதாக, ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம்; அறுவை சிகிச்சைக்கு முன்பும், வாந்தி பேதியோடு சாப்பாடு இறங்காத நாட்களிலும் இதை நிறுத்தச் சொல்வது அதனால்தான். யாருக்குப் பொருந்தும் என்பது சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

தட்டும் நடையும்

எரிபொருளைக் குறைக்கும் மிக மலிவான வழி நம் கையில் இருக்கிறது. 21 நாடுகளில் 1,32,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வெள்ளை அரிசிச் சோறு மிக அதிகமாகச் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தெற்காசியாவில் அந்த வித்தியாசம் மிகப் பெரிது. சோற்றை விலக்கச் சொல்வது நம் வீட்டில் நடக்காத காரியம். அளவைக் குறைத்து, அந்த இடத்தைப் பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, மீன் என்று நிரப்புவது நடக்கும் காரியம். ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில் காய்கறி, பருப்பு வகை, மீனோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்ந்த உணவு, இதய நிகழ்வுகளைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது. அவர்களில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள். அங்கே வால்நட், பாதாம். இங்கே ஒரு கைப்பிடி வேர்க்கடலை.

சாப்பிட்டதும் குளுக்கோஸ் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில்தான் கசிவும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் நடந்தால், வேலை செய்யும் கால் தசை இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருக்கோடி வரை பதினைந்து நிமிடம் நடந்து வருவதும் இதய வைத்தியம்தான்.

நோய் வராமலே தடுக்கவும் நடை உதவும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஏ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உணவிலும் நடையிலும் செய்த மிதமான மாற்றம் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட அவ்வளவே.

வலிக்காத மாரடைப்பு

சர்க்கரை நோய் நரம்புகளையும் மழுங்கடிப்பதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். வியர்வை, திடீர் மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, மேல் வயிற்றில் ஓர் அழுத்தம் என்று வேறு முகம் காட்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, மாலையில் கால் வீங்குவது, முன்பு ஏறிய மாடிப்படியில் நடுவே நிற்பது ஆகியவை இதயம் விறைத்து வருவதன் அடையாளங்களாக இருக்கலாம். ஐந்து மடங்கு ஆபத்து பெண்களுக்கு என்று ஃப்ரேமிங்ஹாம் சொன்னதை இங்கே நினைக்க வேண்டும். நம் வீடுகளில் அம்மாவின் மூச்சிரைப்பை வயசாச்சு என்றும், அத்தையின் அசதியை வீட்டு வேலை என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர்களை அழைத்துப்போய் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஹெச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகியவற்றைச் சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இவர்களுடைய இதயத்தைக் காக்கும் அறிவு கைவசம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி விலை மலிவானது. ராமிப்ரில், அடோர்வாஸ்டாடின், மெட்ஃபார்மின் எல்லாம் காப்புரிமை முடிந்து நெடுநாளான சாதாரண மாத்திரைகள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அச்சிட்ட வண்ணக் குப்பிக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுக்கும் குடும்பம், அந்தச் சாதாரண மாத்திரையை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளும் நிலை மாற வேண்டும். குப்பிக்குப் போகும் பணம் கீரைக்கும் காய்க்கும் பருப்புக்கும் போகட்டும். மாத்திரை ஒருநாளும் தவறாமல் இருக்கட்டும். நோய் தெரிந்த முதல் வாரத்திலேயே இதைத் தொடங்கினால், அதன் பலன் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இதயத்தில் இருக்கும்.